ஆற்றைப் பிடித்து வைத்திருக்கும் மண்

ஆறு அரிக்கிறது, காவுகிறது, படியவிடுகிறது என்று புவியியல் பாடத்தில் படிக்கிறோம். எல்லா வேலையையும் ஆறே செய்வது போலவும் நிலம் சும்மா கிடப்பது போலவும் அப்போது தோன்றும். உண்மையில் ஓர் ஆறு எவ்வளவு அகலமாக ஓடும், எவ்வளவு வளையும், வெள்ளம் வந்தால் எங்கே பரவும் என்பதில் அது ஓடும் மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு. அதை மிகத் தெளிவாகக் காட்டுவது சதுப்பு நிலங்களில் உள்ள பீற் மண். கொழும்பிலும் கம்பஹாவிலும் வாழும் நம்மில் பலரின் வீட்டுக்கு அருகிலேயே இந்த மண் இருக்கிறது. ஆகவே பரீட்சைக்காக மட்டும் படிக்கும் விடயம் அல்ல இது.

பீற் மண் என்றால் என்ன?

புல், நாணல், மரவேர், இலை முதலியன மடிந்து விழும்போது சாதாரணமாக அவை உக்கி மறைந்துவிடும். நீர் தேங்கிய இடத்தில் ஒட்சிசன் போதாது. அதனால் அவை முழுதாக உக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இப்படி உருவாகும் கரிய, நார் நிறைந்த மண்ணே பீற். இதனை முற்றா நிலக்கரி என்றும் சொல்வர். சராசரியாக ஒரு வருடத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவே இது வளர்கிறது. ஒரு மீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ 1000 வருடங்கள் வேண்டும்.

ஈரமான பீற்றின் நிறையில் 80 வீதத்துக்கும் மேல் நீர்தான். பூக்கன்றுகளுக்குப் போட நாம் வாங்கும் தும்புத்தூள் கட்டியை நினைத்துப் பாருங்கள். நீரில் ஊறினால் பல மடங்கு பருக்கிறது. கையால் பிழிந்தால் சுருங்கி விடுகிறது. பீற் மண்ணின் குணமும் ஏறக்குறைய இதுதான்.

கரையைக் கட்டும் வேர்கள்

மணற்கரையுள்ள ஆறு எளிதாகப் பக்கவாட்டில் அரிக்கும். வளைவின் வெளிப்புறத்தில் கரை இடிந்து விழ, உட்புறத்தில் மணல் படியும். இவ்வாறு வளைவு மெல்ல மெல்ல இடம் பெயர்ந்துகொண்டே போகும்.

பீற் கரையில் இது இலகுவில் நடப்பதில்லை. நாரும் வேரும் பாய் பின்னியது போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், நீர் அதைத் துகள் துகளாகப் பிரித்தெடுக்க முடியாது. எனவே இத்தகைய ஆறுகள் பெரும்பாலும் ஒடுங்கியும் ஆழமாகவும் இருக்கும். கரைகள் செங்குத்தாக நிற்கும். வளைவுகள் இருந்தாலும் அவை நீண்ட காலம் அதே இடத்திலேயே இருக்கும்.

போலந்து நாட்டின் நரெவ் ஆறு இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஓர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, மீண்டும் சேர்ந்து, வலை போல ஓடுகிறது. கிளைகளுக்கு இடையே நாணல் வளர்ந்த பீற் நிலங்கள் உள்ளன. கரைகள் உறுதியாக இருப்பதால் பல கிளைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியும் ஒன்றையொன்று விழுங்கிவிடவில்லை. 1996இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

வெள்ளச் சமவெளி எப்படி உருவாகிறது?

வெள்ளம் கரை புரளும்போது பருமனான மணலும் வண்டலும் கரையோரத்திலேயே படிந்து இயற்கை அணையாகின்றன. தூரத்துக்குச் செல்வது தெளிந்த நீரும் கொஞ்சம் களியும்தான். அங்கே தாவரங்கள் மடிந்து பீற் வளர்கிறது. ஆகவே ஆற்றோரம் மணலும் வண்டலும், அப்பால் பீற்றுமாகச் சமவெளி அமைகிறது.

இயற்கை அணையின் கீழும் பீற் இருந்தால் இன்னொன்று நடக்கும். அணையின் பாரத்தால் அடியிலுள்ள பீற் நசுங்கி, அணை தாழும். தாழ்ந்த இடத்தில் அடுத்த வெள்ளம் மேலும் வண்டலைப் போடும். மேலே பார்த்தால் உயரம் அதிகமில்லாத அணை; தோண்டினால் மிகத் தடித்த படிவு.

பீற் நிலம் பஞ்சு போல வெள்ளத்தை உறிஞ்சும் என்று பலர் சொல்வார்கள். இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பீற் ஏற்கெனவே நீரால் நிரம்பியிருக்கும். ஊறிய பஞ்சு மேலும் எவ்வளவு உறிஞ்சும்? அதன் பெரிய உதவி வேறு. அது தாழ்ந்த, தட்டையான, பரந்த இடமாக இருப்பதால் வெள்ளம் அதன்மேல் விரிந்து நிற்க முடிகிறது. அடர்ந்த தாவரங்கள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. பின்னர் நீர் மெதுவாக வடிகிறது.

காயவிட்டபோது நடந்தது

இந்த மண்ணிலிருந்து நீரை எடுத்துவிட்டால் என்னவாகும் என்பதற்கு கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் என்ற பிரதேசம் சாட்சி. 17ஆம் நூற்றாண்டில், பயிர்ச்செய்கைக்காக ஒல்லாந்துப் பொறியியலாளர் கோர்னீலியஸ் வெர்மைடன் மேற்பார்வையில் அங்கே நேரான நீண்ட கால்வாய்கள் வெட்டப்பட்டன. சதுப்பு வற்றியது. விளைச்சலும் கிடைத்தது. ஆனால் நிலம் தாழத் தொடங்கியது.

இதற்குக் காரணங்கள் மூன்று. நீர் வெளியேறியதும் பீற் சுருங்கியது. தன் பாரத்தாலேயே நெருங்கி அமுங்கியது. காற்றுப் பட்டதும் நுண்ணங்கிகள் அதை உக்கச் செய்ய, ஆயிரக்கணக்கான வருடங்கள் சேர்ந்த காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறியது. முதல் இரண்டினால் மண் சுருங்கியது. மூன்றாவதால் மண்ணே இல்லாமற் போனது.

1851இல் அங்குள்ள ஹோம் ஃபென் என்ற இடத்தில், உச்சி தரைமட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி ஓர் இரும்புத் தூண் புதைக்கப்பட்டது. இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் ஏறத்தாழ 4 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலம்தான் இறங்கியது. மண் நிரம்பிப்போன பழைய ஆற்றுத்தடங்கள் அவ்வளவாகத் தாழாததால், இப்போது அவை வயல்களுக்கு நடுவே வளைந்து செல்லும் மேடுகளாகத் தெரிகின்றன. ஒருகாலத்தில் பள்ளமாக இருந்த ஆறு மேடாகிவிட்டது!

இன்று ஓடும் ஆறுகளோ அணைகளுக்கு இடையே, வயலைவிட உயரத்தில் ஓடுகின்றன. மழைநீரைக்கூட இயந்திரத்தால் மேலே இறைத்துத்தான் ஆற்றில் விட வேண்டும். 1947 மார்ச்சில் பனி உருகிப் பெருவெள்ளம் வந்தபோது அணைகள் உடைந்து வயல்களில் நீர் நிறைந்தது. ஆற்றுக்கும் சமவெளிக்கும் இருந்த பழைய உறவு முறிந்ததன் விலை இது.

நமது சதுப்பு

முத்துராஜவெல சுமார் 3000 ஹெக்டயர் பரப்புள்ள பீற் சதுப்பு. ஏறத்தாழ 7000 வருடங்களுக்கு முன் உருவாகத் தொடங்கியது. தண்டுகம் ஓயா, ஜா-எல, களனி கங்கை ஆகியவற்றின் வெள்ளம் இங்கே வந்து பரவுகிறது. ஒரு கோடியே பத்து இலட்சம் கனமீற்றர் நீரை இது தாங்கும் என்றும், பத்து நாட்களுக்கு மேல் வைத்திருந்து மெதுவாகக் கடலுக்கு விடும் என்றும் கணித்துள்ளனர். இதன் வட பகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. கொழும்பைச் சுற்றியும் கொலன்னாவை போன்ற இடங்களில் இத்தகைய சதுப்புகள் உள்ளன. 2018இல் கொழும்பு 'ராம்சார் ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தைப் பெற்றதும் இவற்றால்தான்.

இவற்றைத் துண்டு துண்டாக நிரப்பும்போது இரண்டு நட்டங்கள் வருகின்றன. வெள்ளம் விரிய இருந்த இடம் குறைவதால், அதே அளவு நீர் பக்கத்து வீடுகளில் உயர்ந்து நிற்கும். நிரப்பிய செம்மண்ணின் பாரத்தால் அடியிலுள்ள பீற் வருடக்கணக்கில் நசுங்கிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டிலும் இது இப்போது பேசப்படும் விடயம். ராத்தாவின் கலியாணத்துக்கு முன் ஒரு வீடு கட்ட வாப்பா காணி தேடுகிறார். நிரப்பிய காணி ஒன்று மலிவாக வந்திருக்கிறது. அந்த ஒழுங்கையில் பழைய வீடொன்றின் வாசற்படி சுவரிலிருந்து நான்கு விரல் அளவு பிரிந்து இறங்கியிருக்கிறது. "வீடு கட்டி எத்தனை வருஷம்?" என்று உம்மா அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டபோது, "ஆறு" என்றார். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டும் வீட்டுக்கு ஆறு வருடம் போதுமா?

காணி வாங்குமுன்

வீட்டில் நான் எழுதிக் கொடுத்த கேள்விகளை மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

1. இந்த நிலம் நிரப்புவதற்கு முன் என்னவாக இருந்தது? ஊரின் முதியவர்களிடம் கேளுங்கள்.
2. எப்போது, எத்தனை அடி உயரத்துக்கு நிரப்பினார்கள்? காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி இருக்கிறதா?
3. அடியில் பீற் எவ்வளவு ஆழம்? துளையிட்டு மண் பரிசோதனை செய்தால் தெரியும். அதன் செலவு அத்திவாரம் உடைந்தால் வரும் செலவைவிட மிகக் குறைவு.
4. பக்கத்து வீடுகளில் படியும் மதிலும் சுவரிலிருந்து பிரிந்துள்ளனவா?
5. 2016 மே மாத வெள்ளத்தில் இங்கே நீர் எவ்வளவு உயர்ந்தது? இந்தக் காணிக்கு வந்த நீர் இனி யாருடைய வீட்டுக்குப் போகும்?

கடைசிக் கேள்வியை விற்பவர் எவரும் நமக்குச் சொல்லித் தரமாட்டார். நாமே கேட்க வேண்டும். நாம் நிரப்பும் பள்ளம் ஆற்றுக்கு வெள்ளக் காலத்தில் தேவைப்படும் இடம். மழை வரும்போது ஆறு அந்த இடத்தைத் தேடி வரும். அங்கே நம் வீடு இருந்தால் வீட்டுக்குள் வரும். புவியியல் படிக்கும் மாணவிகளாகிய நாம் இந்த ஒன்றையாவது வீட்டில் எடுத்துச் சொன்னால், படித்ததற்குப் பயன் உண்டு.