கழனி லைனில் காருக்கு சார்ஜ் போடலாமா?

கேள்வி: திருப்புட்குழியில் சொந்த வீடு. வேலை சுங்குவார்சத்திரத்தில் ஒரு தொழிற்சாலையில். பாலுசெட்டிசத்திரத்தில் ஹைவே ஏறி, தினமும் போக வர 65 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பெட்ரோல் கார் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பெட்ரோலுக்கே மாதம் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாமல் போகிறது. மின்சார கார் வாங்கலாமா என்றால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் பக்கம் சாயங்காலமானால் லோ வோல்டேஜ். ஃபேன்கூட மெதுவாகத்தான் சுற்றும். கழனியில் மோட்டார் ஷெட்டுக்கு த்ரீ பேஸ் லைன் இருக்கிறது. அதில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் உத்திரமேரூர் மச்சான். பேட்டரி போனால் கார் விலையே போச்சு என்கிறார் அப்பா. வாங்கலாமா ஐயா?
— வாசகர், திருப்புட்குழி

பதில்: வாங்கலாம். ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் வீட்டு மீட்டர் போர்டுக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரீஷியனோடு நின்று பாருங்கள். எந்தக் கார் என்பதைவிட, அது ராத்திரியில் எங்கே, எந்தக் கம்பியிலிருந்து சார்ஜ் ஆகப்போகிறது என்பதுதான் கிராமத்தில் முதல் கேள்வி.

உங்களுக்கு இரண்டு விஷயங்கள் சாதகமாக இருக்கின்றன. ஒன்று, தினசரி ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், இருக்கிற பெட்ரோல் காரையே ஓட்டுங்கள் என்று சொல்லியிருப்பேன். இரண்டு, சொந்த வாசல். சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் வாங்குவதற்குச் சங்கத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். வேலைக்கும் ஊர் சுற்றவும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 3,800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் கழித்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். ஆக ஏறக்குறைய 540 யூனிட். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இப்போது உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஆகிறதென்றால், முதல் 100 யூனிட் இலவசம் போக பில் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். காரையும் சேர்த்தால் 790 யூனிட். 500-ஐத் தாண்டினாலும் அந்த இலவச 100 யூனிட் இருக்கும், ஆனால் அடுத்த 100 யூனிட்டுக்கான சலுகை விலை போய்விடும். மேலே ஏறும் யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல், பிறகு 9 ரூபாய்க்கு மேல் என்று விகிதமும் கூடும். பில் ஐயாயிரத்தைத் தொடும். பயப்பட வேண்டாம். கூடுதலாகக் கட்டுவது நாலாயிரத்துச் சொச்சம். அதே தூரத்துக்கு நீங்கள் போடும் பெட்ரோல் இருபத்தையாயிரம். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். காரின் கூடுதல் விலையை இந்த மிச்சம்தான் அடைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதால் விலை வித்தியாசம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. மின்சார கார்களுக்கு அதே 5 சதவீதம்தான். சாலை வரிச் சலுகை காலக்கெடுவோடு வருவது. புக் செய்யும் வாரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி லோ வோல்டேஜ். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். 6 சதவீதம்வரை கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216-க்குக் கீழே போகக் கூடாது. ஒரு வாரம் மாலை 7 மணிக்கும் இரவு 11 மணிக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். பெரும்பாலும் 11 மணிக்கு மேல் நிலைமை தேறியிருக்கும். அப்படியென்றால் கவலையில்லை. சார்ஜ் ஏறத் தொடங்கும் நேரத்தைக் காரிலேயே குறித்து வைக்கும் வசதி இப்போது பல மாடல்களில் உண்டு. நள்ளிரவிலும் 200-க்குக் கீழேயே நின்றால், சார்ஜர் பாதியில் தானாகவே நின்றுவிடக்கூடும். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தெரியவரும். அதைச் சரிசெய்ய நடுவில் வீட்டு ஸ்டெபிலைசரைச் செருகாதீர்கள். மணிக்கணக்காக இந்தப் பளுவை இழுக்கச் செய்யப்பட்டதல்ல அது. எழுதி வைத்த அளவுகளோடு ஈ.பி. ஆபீசில் மனு கொடுங்கள், மின்னகம் புகார் எண் 94987 94987-லும் பதிவு செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பளு கூடிவிட்டது என்று ஊரே வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட, தேதியும் நேரமும் போட்ட ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஷோரூமில் 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் வைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை. தினமும் 65 கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து யூனிட் ஏறினால் போதும். சாதாரண 16 ஆம்பியர் பாயிண்டில் நாலைந்து மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் அந்தப் பாயிண்ட் காருக்கென்றே மீட்டர் போர்டிலிருந்து தனியாக இழுத்த லைனாக இருக்க வேண்டும்: 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. வாஷிங் மெஷின் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஜன்னல் வழியாக வாசலுக்கு இழுக்கும் வேலையே வேண்டாம்.

அதைவிட முக்கியம் எர்த். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்கு மண்ணில் நிற்கும். கோடையில் மண் காய்ந்தால் அதுவும் பயனில்லை. எர்த் சரியில்லை என்றால் பல கார்களின் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். கார்தான் ரிப்பேர் என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அலைகிறவர்கள் நிறையப் பேர். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் குழி எடுங்கள். ஒரு நாள் வேலை.

மச்சான் சொன்ன வழி வேண்டவே வேண்டாம். கழனிக்கு வரும் இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும். அதில் கார் சார்ஜ் போடுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும், விவசாய இணைப்புக்கும் ஆபத்து. அபராதத்தை விடுங்கள். அந்தச் சலுகை நெல்லுக்குத் தண்ணீர் இறைப்பதற்காகப் போராடிப் பெற்றது. சம்பளக்காரர்கள் கார் ஓட்ட அதை எடுத்தால் நாளைக்கு அதை நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு நாமே காரணம் கொடுத்தவர்கள் ஆவோம். செலவைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம். நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும், பகலில் ஈ.பி.க்குக் கொடுத்து ராத்திரி காருக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், நினைவிருக்கட்டும்.

காரை எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது? 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதன்பின் பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. இன்றைய கார்கள் அந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் வருகின்றன. ஆனாலும் வீட்டில் எல்லோரும் வெளியே வரும் ஒரே வாசலை அடைத்துக்கொண்டு எந்த வண்டியையும் சார்ஜ் போடாதீர்கள். ஸ்கூட்டராக இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். உங்கள் வீட்டில் பக்கவாட்டில் இடமிருந்தால் பாயிண்டை அங்கே வையுங்கள், மேலே ஒரு தகரக் கூரையும் போடுங்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது. பேட்டரிதான் காரில் விலை கூடிய பாகம். பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. நீங்கள் ஓட்டும் வேகத்தில் ஏழு வருஷத்தில் அந்தத் தூரம் வந்துவிடும். அதற்குள் பெட்ரோல் மிச்சமே ஏழு லட்சத்தைத் தாண்டும். எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், முழு பேட்டரியையும் மாற்றுவார்களா, கெட்ட மாட்யூலை மட்டுமா, காரை விற்றால் உத்தரவாதம் அடுத்தவருக்குப் போகுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காஞ்சிபுரம் வெயிலுக்கு எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி நல்லது; சூட்டைத் தாங்கும், முழுக்கச் சார்ஜ் செய்தாலும் பாதகமில்லை.

திருவண்ணாமலை, திருப்பதி என்று கிளம்பும் நாட்களில் ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டியிருக்கும். அங்கே யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு. சென்னை–பெங்களூரு ஹைவேயில் சார்ஜர்களுக்குப் பஞ்சமில்லை. செய்யாறு, ஆரணி வழியாகப் போகிறீர்கள் என்றால், எந்த இடத்தில் இருக்கிறது, வேலை செய்கிறதா என்று ஆப்பில் பார்த்துக்கொண்டு, முடிந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழைய பெட்ரோல் காரை எக்ஸ்சேஞ்சில் உடனே கொடுத்துவிடாமல் ஒரு மழைக்காலம்வரை வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் தெருவில் கரண்ட் எத்தனை ராத்திரி போகிறது என்று பார்த்தபின் விற்கலாம்.