இரும்புச்சத்து: தட்டில் இருந்தும் உடலில் சேராதது ஏன்?





பிரசவத்துக்கு இரத்தம் அவசரமாகத் தேவை என்று தகவல் வந்தால் நம் இளைஞர்கள் உடனே ஓடிச் சென்று கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சகோதரியின் இரும்புச்சத்தை ஆறு மாதங்களுக்கு முன்பே கவனித்திருந்தால், இத்தகைய அவசரங்களில் சில வராமலே போயிருக்கும். எனவே இந்த இதழில் உடலுக்குத் தேவையான தாதுக்களில் முக்கியமான இரும்பைப் பற்றிப் பார்ப்போம்.

நிலைமை என்ன?

எலும்புக்குக் கால்சியம், தைராய்டு சுரப்பிக்கு அயோடின், இரத்தத்துக்கு இரும்பு என ஒவ்வொரு தாதுவுக்கும் ஒரு வேலை உண்டு. எதையும் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்புதான் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 57.4 சதவீதம்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்றல், ஓயாத அசதி, பச்சரிசியோ சாம்பலோ தின்னத் தோன்றுவது ஆகியவை இதன் அடையாளங்கள். "வேலை அதிகம், அதனால் அசதி" என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறோம்.

எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்களுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. மாதவிடாயில் இழக்கும் இரத்தமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அதிகம் தேவைப்படுபவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சிய சால்னாவோடு சாப்பிடுகிறார். சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகள் டீயும் பிஸ்கட்டுமாகக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

எதில் கிடைக்கும்?

ஆட்டு ஈரல், சுவரொட்டி, இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். கம்பு, கேழ்வரகு, கீரை, பயறு, எள் ஆகியவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் அதில் சிறு பங்குதான் உடலில் சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து உண்டால் அந்தப் பங்கு கூடும். பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் இரண்டு மூன்று பழங்களே இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி உண்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

சாப்பிட்ட கையோடு டீ

பிரியாணியானாலும் சோறானாலும் உடனே ஒரு டீ குடிப்பது நம் வழக்கம். டீ, காபியில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைத்தால் போதும்.

மாத்திரையை வீணாக்காதீர்கள்

அரசின் இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தரப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் எனத் தினமும் மாத்திரை உண்டு. எல்லாம் இலவசம். ஆனால் பல வீடுகளில் அவை அலமாரியில் கிடக்கின்றன.

மலம் கருப்பாகப் போவது கண்டு பயப்பட வேண்டாம், அது இயல்பு. வயிறு புரட்டினால் இரவு உணவுக்குப் பின் போடலாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒன்று காலை, மற்றது இரவு. ரமளானில் இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு மார்க்கம் நோன்பில் சலுகை தந்திருப்பதையும் மறக்க வேண்டாம். மாத்திரைகளைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவர்கள் அதிகமாக விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை போட்டும் ஏறாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம், மறுபடியும் காட்டுங்கள். குடற்புழு மாத்திரையும் தவறாமல் கொடுங்கள்.

மகளின் நிக்காஹ்வுக்கு நகையும் மண்டபமும் பார்க்கும் பெற்றோர், அவளுடைய ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் சரிசெய்யச் சில மாதங்கள் வேண்டும். அந்த அவகாசம் அப்போது நம்மிடம் இருக்கிறது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இன்றிரவு சஹனில் கறித்துண்டுகளைப் பங்கிடும்போது வீட்டுப் பெண்களின் பங்கை முதலில் எடுத்துவைப்போம், இன்ஷா அல்லாஹ்.

செயலாளர்