நித்தியகல்யாணிச் சாகுபடியும் அதன் மருந்துச் சத்தும்

நமது இராமநாதபுரம் ஜில்லாவின் கரையோர மணற்பாங்கிலும் ஊர்ப்புறத்துச் சுடுகாடுகளிலும், மழை பொய்த்த காலத்தும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். சுடுகாட்டு மல்லி என்பதும் இதுவே. இதன் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. ஆடுமாடுகள் இதைத் தின்பதில்லை. அதன் காரணத்தைக் குடியானவர்கள் அறிதல் அவசியம்.

பல தேசங்களில் இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்குப் பருகப்பட்டு வந்தது. 1952-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து அத்தகைய இலைகள் சில கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிளை அடைந்தன. அவரும் சார்லஸ் பியர் என்பவரும் மேற்கு ஒன்டாரியோ சர்வகலாசாலையில் சோதித்தபோது, சாற்றை வாய்வழி உண்ட எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி பெற்ற எலிகளோ இரத்தத்தில் வெள்ளணுக்கள் குன்றி, தொற்றுநோயால் மாண்டன. வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகுவது இரத்தப் புற்றுநோயாதலின், இச்சாறு அதற்கு உதவுமோ என்னும் எண்ணம் பிறந்தது. 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் சத்து வெளியிடப்பட்டது. அடுத்து வந்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் வழங்கப்படுகிறது.

இச்சத்துக்கள் அணு இரண்டாகப் பிரிவதைத் தடுத்து அதனைக் கொல்லுகின்றன. புற்றணுவை மட்டுமன்று, விரைந்து பிரியும் நல்லணுக்களையும் தாக்குமாதலால் மயிர் உதிரும், இரத்தம் குன்றும், வின்கிரிஸ்டின் நரம்பையும் கெடுக்கும். எனவே வைத்தியர் எடையறிந்து இரத்தக்குழாயிலேயே செலுத்துவர். இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தாலும் தசை வெந்துவிடும்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அங்ஙனமிருக்க, ஒரு பிடி இலையைக் கஷாயமிட்டுப் பருகினால் புற்று கரையுமென்று சொல்வோர் கிராமங்களில் உளர். செடிச்சாறுகள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கின்றன, புற்றணுவைக் கொல்லுகின்றன என்னும் சோதனைக் குழாய்ச் செய்திகள் இவர்களுக்குத் துணை. குழாயில் அணுவைக் கொல்வன அநேகம். சுண்ணாம்பு நீரும் கொல்லும்! கஷாயத்தில் மருந்தின் அளவு நிச்சயமில்லை, நஞ்சோ உண்டு. கட்டி கண்டவர் கஷாயத்தில் காலங்கழிப்பின், ஆஸ்பத்திரியில் தீரத்தக்க நோயும் தீராததாய் முற்றும்.

செடியால் நமக்கு இலாபம் சாகுபடியிலேயே. வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில், நீர் தேங்காத இலேசான நிலத்தில் ஏக்கருக்கு 1 கிலோ விதை போதும். விதை மிகச் சிறிதாதலின் மணலோடு கலந்து தூவுக. 45 சென்டிமீட்டர் வரிசை நன்று. தண்ணீர் நின்றால் நுனிக்கருகல் நோய் பற்றிச் செடி மடியும். ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இலை பறித்து, பன்னிரண்டாம் மாதம் வேரை அகழ்ந்தெடுக்கலாம். வேரிலுள்ள அஜ்மலிசின் இரத்த ஓட்டத்துக்கான மருந்துகளில் சேர்வதால் வேருக்கும் விலையுண்டு. மானாவாரியில் ஏக்கருக்கு 800 கிலோ அளவு உலர் இலையும் 300 கிலோ வேரும் எதிர்பார்க்கலாம். வாங்குவோரை விதைக்கு முன்னரே நிச்சயித்துக்கொள்க. இலையை நிழலில் உலர்த்துக. பூஞ்சணம் பிடித்த சரக்குத் தள்ளப்படும். உலர்களத்துக்கு ஆகும் சாக்கையும் கூடையையும் தானியத்துக்குப் பயன்படுத்தலாகாது.