ஒரு சாரீரம், இரண்டு நடைகள்

அன்புள்ள குழந்தாய்,

ஒரு சம்பிரதாயத்தில் பழகிய சாரீரம் வேறொன்றைத் தொட்டால் கெட்டுவிடாதா என்று கேட்டிருந்தாய். 1937-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்த வாண்டா ஜாக்ஸன் என்னும் பாடகியின் கதையையே விடையாக எழுதுகிறேன்.

அவர் முதலில் பழகிய சம்பிரதாயம் ஹாங்கி-டாங்க். அது டெக்ஸாஸ், ஓக்லஹோமாப் பிரதேசங்களில், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் கூடிக் குடித்து ஆடிய எளிய கூடங்களின் பெயர். அங்கு எழும் ஆரவாரத்தில் சாதாரணக் கிட்டாரின் நாதம் அமுங்கிப்போகவே மின்சாரக் கிட்டார் புகுந்தது, பிரிவையும் துரோகத்தையும் ஒளிக்காமல் சொல்லும் பாட்டுகள் பிறந்தன. பள்ளி மாணவியான வாண்டா வானொலியில் பாடியதைக் கேட்டுத் தம் மேடைக்கு அழைத்த ஹாங்க் தாம்ஸன் இம்மரபில் பெரியவர்.

1955-இல், தந்தை துணைவரச் சென்ற சுற்றுப்பிரயாணத்தில், பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாண்டாவை ராக்கபில்லி பாடும்படி வற்புறுத்தினார். கிராமியப் பாட்டோடு கறுப்பின மக்களின் தாளவேகம் கலந்து, டபுள் பேஸின் தந்திகளை இழுத்து அறைந்து வாசிக்கும் அப்புதுநடை தமக்கு எப்படி வரும் என்று வாண்டா தயங்கினார், ஆயினும் முயன்றார்.

முயற்சியின் முதற்பலனை, 1956-இல் வெளிவந்த 'ஐ காட்டா நோ' என்ற பாட்டில் நீ நேராகவே கேட்கலாம். ஏக்கத்தோடு மெல்ல நடக்கும் பழைய நடை சட்டென்று துள்ளியோடத் தொடங்கி, மறுபடி தணிந்து, மறுபடி ஓடுகையில், இரண்டையும் தாங்குவது ஒரே தொண்டை என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. சந்தடி மிகுந்த கூடத்தில் துயரத்தைக் கேட்கச் செய்யப் பழகிய குரலுக்கு உற்சாகத்தை உரக்கச் சொல்வது அந்நியமாயிருக்கவில்லை. அடுத்த ஆண்டின் 'ஃபுஜியாமா மாமா'வில் அக்குரல் உறுமவே செய்கிறது. ஹிரோஷிமாவின் பெயரை அப்பாட்டு விளையாட்டாக எடுத்தாள்வது எனக்கு வேதனை தருகிறது. ஆனால், தாய்நாட்டில் எடுபடாத அதை ஜப்பானியரே கொண்டாடினர், 1959-இல் அவர் அங்கே சென்று பாடினார்.

1958-இல் பதிவாகி இசைத்தட்டுத் தொகுப்பொன்றில் கிடந்த 'லெட்ஸ் ஹாவ் எ பார்ட்டி', ஐயோவா மாநிலத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவரால் 1960-இல் பிரபலமாயிற்று. அத்துள்ளல் பாட்டின் வெற்றிக்குப் பிறகும், 1961-இல், வாண்டா தாமே இயற்றிய 'ரைட் ஆர் ராங்' என்னும் நிதானமான பாட்டைப் பாடினார். அதைக் கேட்கும்போது, அந்த உறுமல் எவ்விடத்தில் அடங்கி நிற்கிறது என்று கவனித்து எனக்கு எழுது.

ஆசிகளுடன்,
மாமா