இலஞ்சி மருமகளுக்கு விசா: எங்கள் அனுபவம்

சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே துணையைத் தேடிக்கொள்வது இப்போது புதிதல்ல. கல்யாணச் சேதி ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எப்போ கூட்டிட்டு வர்ற?” அதற்குப் பதில் சொல்ல லீவும் டிக்கெட்டும் மட்டும் போதாது. மணந்தவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால், மாமியார் வீட்டுக்கு வரவும் அவருக்கு விசா வேண்டும்.

என் சொந்த ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள இலஞ்சி. வேலை சிங்கப்பூரில். மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர். சிங்கப்பூரிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். சில வருடங்களாக அவளை ஊருக்கு அழைத்து வந்து போனதில் நான் கற்றவற்றை, இதே நிலையில் இருக்கும் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லி வருகிறேன். அதன் சாரம் இது: முதல் முறை போடும் விசிட் விசா விண்ணப்பத்தை ஒரு பயணத்துக்கான காகிதமாக மட்டும் நினைக்காதீர்கள். பின்னால் நீண்ட கால விசாவுக்கும் ஓசிஐ எனும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கும் போகும் ஃபைலின் முதல் பக்கம் அது. அதில் எழுதும் பெயர், தேதி, முகவரி எல்லாம் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கப்படும்.

எந்த விசா கேட்பது?

கணவரோ மனைவியோ இந்தியக் குடிமகனாக இருந்தால், வெளிநாட்டுத் துணைக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது இ-டூரிஸ்ட் விசா. ஊர் பார்க்க வருபவர்களுக்கு மட்டுமல்ல, உறவினரைப் பார்க்க வருபவர்களுக்கும் அது செல்லும். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று மூன்று வகை. இரண்டாவது என்ட்ரி விசா, அதாவது எக்ஸ் விசா. இந்தியரின் கணவன் அல்லது மனைவி என்ற உறவின் பேரிலேயே தரப்படுவது. இதற்குத் திருமணச் சான்றிதழ், இந்தியத் துணையின் பாஸ்போர்ட் நகல் முதலியவற்றோடு இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் வந்து மாமனார் மாமியாரைப் பார்த்து, அருவியில் குளித்துவிட்டுப் போக இ-டூரிஸ்ட் விசா போதும். ஊரில் மாதக்கணக்கில் தங்கப் போகிறார், பிரசவத்துக்கு வருகிறார், பெற்றோரைக் கவனிக்க வருகிறார் என்றால் முதலிலேயே எக்ஸ் விசாவுக்குப் போங்கள். டூரிஸ்ட் விசாவில் வந்துவிட்டு “இங்கேயே நீட்டிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இ-விசாவை நீட்டிக்க முடியாது என்று அரசின் தளமே சொல்கிறது. நாள் தாண்டித் தங்கினால் அபராதம் கட்ட வேண்டும்; வெளியேறவும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் தளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அரசின் தளம் ‘இந்தியன்விசாஆன்லைன்’ என்ற பெயரில் இருக்கிறது. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். கூகுளில் தேடினால் அதே போன்ற பெயரும் நிறமும் கொண்ட தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். அங்கே போனால் அரசு கேட்பதைவிடக் கூடுதல் பணம் போகும். பாஸ்போர்ட் விவரமும் யார் யார் கைக்கோ போகும். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், கட்டினால் திரும்பாது. பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு ஓராண்டுக்கு இ-டூரிஸ்ட் விசாவைக் கட்டணமின்றித் தருவதாக இந்தியா 2025 ஆகஸ்டில் அறிவித்தது. உங்கள் துணையின் நாட்டுக்கு அன்றைய நிலவரம் என்ன என்பதைப் பணம் கட்டும் முன் அந்தத் தளத்திலேயே பாருங்கள்.

இனிஷியல்காரர்களுக்கு முக்கியமான பகுதி

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் ஏற்க மறுத்தபோது, நம்மவர்கள் பலருக்கு இந்தக் காலிக் கட்டத்தின் கனம் புரிந்தது.

வெளிநாட்டவரை மணக்கப் போகிறவர்கள் திருமணப் பதிவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. நான் என் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் வைத்துப் பாஸ்போர்ட்டை மாற்றி வாங்கிய பிறகே பதிவுக்குப் போனேன். அதனால் திருமணச் சான்றிதழ், மனைவியின் விசா விண்ணப்பம், தூதரகக் காகிதம் எல்லாவற்றிலும் ஒரே பெயர் ஒரே வரிசையில் நிற்கிறது.

அவள் பக்கத்தில் வேறு விதம். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டில் தாயின் குடும்பப் பெயர் நடுப்பெயராகத் தனி வரியில் வரும். நம் விசா படிவத்திலோ குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டே கட்டங்கள். இப்படிச் சந்தேகம் வரும்போது பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, இயந்திரம் படிப்பது அதைத்தான். அந்த வரியில் உள்ளபடியே படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் எழுதுங்கள். பிலிப்பைன்ஸ் சட்டப்படி திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. என் மனைவி பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டாள். அதனால் பிறப்புச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை அவளுடைய காகிதங்களும் ஒன்றாக இருக்கின்றன.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். 2019 நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் எடுத்த ஆவணங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றும், பின்னால் எடுத்தவற்றில் தென்காசி மாவட்டம் என்றும் இருக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் படிவத்தில் இன்றைய முகவரி கேட்கும் இடத்தில் இன்றைய மாவட்டத்தையே எழுதுங்கள். ஊர்ப் பெயருக்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டு வைத்துக்கொண்டால் அதையே கடைசிவரை வைத்திருங்கள்.

படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்புங்கள்

இ-விசா படிவம் நீளமானது. பெற்றோர் இருவரின் பெயர், நாடு, பிறந்த ஊர். மதம், படிப்பு, உடலில் உள்ள அடையாளம். கடந்த பத்தாண்டில் போன நாடுகள். சார்க் நாடுகளுக்குப் போயிருந்தால் அந்த விவரம். இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி எல்லாம் வரும். திருமணமானவர் என்று குறித்தால் துணையின் பெயர், குடியுரிமை, பிறந்த இடம் கேட்கும். “கணவர் இந்தியர் என்று சொன்னால் டூரிஸ்ட் விசா தரமாட்டார்களோ” என்று பயந்து சிலர் தனி ஆள் என்று போட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்று மணமாகாதவர் என்று எழுதியவர் நாளை அதே நபரின் மனைவி என்று ஓசிஐ கேட்டால், எது பொய் என்ற கேள்வி எழும்.

இந்தியாவில் தெரிந்தவர் ஒருவர், சொந்த நாட்டில் தெரிந்தவர் ஒருவர் என்று இரு பெயர்களும் தர வேண்டும். இந்தியாவுக்கு நாங்கள் அப்பா பெயரையும் அவருடைய போன் நம்பரையும் கொடுத்தோம். யாராவது கூப்பிட்டுக் கேட்டால் தடுமாறக் கூடாது என்று, மருமகளின் பாஸ்போர்ட் பெயரை முழுசாகவும், வரும் தேதியையும், விமான நம்பரையும் அவர் தினசரி காலண்டரின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் போனை எடுப்பவர் யாராக இருந்தாலும் அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

போட்டோ சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி இல்லாமல் இருக்கட்டும். பாஸ்போர்ட் பக்கத்தை பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். 300 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்தால் பக்கத்தின் மேல் விளக்கொளி பளிச்சென்று விழுந்து எழுத்து மறையும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தால் தெளிவாக வரும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். முத்திரை குத்த இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

சீசனும் விசாவும்

குற்றாலத்துக்கு அழைத்து வருகிறவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனைத்தான் குறிவைப்போம். சாரல் என்றைக்கு விழும் என்று யாரும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. இதற்கு 30 நாள் விசா ஒத்துவரும். பயணத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்து, குறைந்தது நான்கு நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். ஊரிலிருந்து மழைச் சேதி வந்த பிறகு விண்ணப்பித்தாலும் நேரம் இருக்கும். ஆனால் நான்கு நாள் என்பது கடைசி எல்லை. ஏதாவது விளக்கம் கேட்டால் பதில் சொல்ல அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

30 நாள் விசாவின் அனுமதிக் கடிதத்தில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துப் பலர் குழம்புவதுண்டு. அது இந்தியாவுக்குள் நுழைய வேண்டிய கடைசித் தேதி. வந்து இறங்கிய நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு. ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களில் அப்படி இல்லை. அனுமதி தந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.

வந்த பிறகும் அருவி நம் சொற்படி நடக்காது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். மொழி தெரியாத துணைக்கு அபாயச் சங்கின் பொருளையும், ஊதியதும் உடனே வெளியேற வேண்டும் என்பதையும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

விமான நிலையத்தில்

தென்காசிக்குப் பக்கத்துப் பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். அங்கே இ-விசாவில் இறங்கலாம். குளத்துப்புழா, தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகக் காரில் சுமார் 100 கிலோமீட்டர்.

குடிநுழைவில் நாம் இந்தியர் வரிசைக்கும் துணை இ-விசா வரிசைக்கும் பிரிந்து போக வேண்டியிருக்கும். அங்கே கைரேகையும் போட்டோவும் எடுப்பார்கள். “எங்கே தங்குறீங்க, யாரைப் பார்க்கப் போறீங்க?” என்று கேட்டால் படிவத்தில் எழுதியதையே சொல்ல வேண்டும். ஆகவே அனுமதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி, வீட்டு முகவரி, அப்பா நம்பர், நம் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் நகல் எல்லாம் துணையின் கைப்பையில் இருக்கட்டும். நம் பையில் இருந்து பயனில்லை. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் இ-அரைவல் கார்டையும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை.

வந்த 24 மணி நேரம்

பலரும் கோட்டைவிடும் இடம் இது. வெளிநாட்டவர் தங்கும் இடத்தின் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தகவல் தர வேண்டும். ‘சி ஃபாரம்’ என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். லாட்ஜுக்கு மட்டுமல்ல, வீட்டில் தங்கவைப்பவருக்கும் இது பொருந்தும். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் இந்தக் கடமை தொடர்கிறது.

அம்மாவுக்கு இது மனத்தாங்கலாகவே இருந்தது. “எய்யா, நம்ம வீட்டு மருமவ நம்ம வீட்டுல தங்குறதுக்கு எதுக்குய்யா ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கணும்?” என்று கேட்டாள். அவளுக்கு ஏதாவது ஆபத்து என்றால் எங்கே இருக்கிறாள் என்று அரசுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதானே என்று சொன்னேன். சமாதானமானாள். வீட்டில் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள். சி ஃபாரத்துக்கான ஆன்லைன் கணக்கையும் துணை வரும் முன்பே அப்பா பெயரில் தொடங்கி வையுங்கள். வந்து இறங்கிய களைப்பில் 24 மணி நேரம் எப்படிப் போகும் என்றே தெரியாது.

குற்றாலத்தில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்க நினைத்தால், முன்பதிவின்போதே வெளிநாட்டவர் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு விடுதியில் பெட்டியோடு போய் நின்ற பிறகு, “ஃபாரினருக்கு ரூம் குடுக்குறதில்ல அண்ணாச்சி, ஃபாரம் போடுற வேலை நமக்குப் பழக்கமில்ல” என்று திருப்பி அனுப்பினார்கள். சீசன் நேரத்தில் வேறு அறை தேடி மழையில் அலைவது சிரமம்.

அடுத்து என்ன?

விசிட் விசா நல்லபடி முடிந்ததும் அடுத்த காகிதத்தை நினையுங்கள். இந்தியரின் வெளிநாட்டுத் துணை ஓசிஐ அட்டை கேட்க, பதிவு செய்த திருமணம் விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசப் பின்புலம் உள்ளவர்களுக்கு அது கிடையாது. மணமுறிவு ஏற்பட்டால் ரத்தாகும். கிடைத்துவிட்டால் ஒவ்வொரு பயணத்துக்கும் விசா தேட வேண்டியதில்லை. அதுவரை எக்ஸ் விசா கைகொடுக்கும். அந்த விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வேறு குறிப்பு இல்லாத பட்சத்தில், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவுக்கான இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் பதிய வேண்டும்.

ஊரிலேயே மணக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. துணை இந்து அல்லாதவர் என்றால், கோயிலில் தாலி கட்டினாலும் அதை இந்து திருமணச் சட்டத்தில் பதிய முடியாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். சார்பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுத்த பின் மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். லீவையும் விசாவையும் இந்தக் கணக்கை வைத்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டில் மணந்தவர்கள் அந்நாட்டுச் சான்றிதழை உறுதிப்படுத்தும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் அதைத் தருவது சிங்கப்பூர் சட்டக் கழகம்.

நம்மை நம்பி நாடு விட்டு வருபவர் நம் துணை. மொழி, சாப்பாடு, உறவு என்று எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியவருக்கு, காகிதக் கவலையையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஆகவே திருமணப் பதிவைத் தள்ளிப்போட்டிருப்பவர்கள் இந்த மாதமே அதை முடியுங்கள். பதிவுத் தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும், அவருக்கு ஓசிஐ கிடைக்கும் நாளும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது.