சியர்ஸ் கல்லாவில் நடந்தது

அன்புள்ள கயல்விழிக்கு,

கல்லூரி ப்ராஜெக்டுக்கு நீ சியர்ஸ் கம்பெனியை எடுத்திருப்பதாக உன் அப்பா சொன்னான். நீ அனுப்பிய முதல் பக்கத்தையும் படித்தேன். "அமேசான் வந்தது, சியர்ஸ் போனது" என்று தொடங்கியிருக்கிறாய். அமேசான் தொடங்கியது 1994-இல். அமெரிக்கச் சில்லறை விற்பனையில் தன் முதலிடத்தை சியர்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வால்மார்ட்டிடம் பறிகொடுத்துவிட்டது. காலக்கணக்கே இடிப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1886-இல் மின்னசோட்டா மாநிலத்து நார்த் ரெட்வுட் ரயில் நிலையத்தில் ரிச்சர்ட் சியர்ஸ் ஏஜெண்டாக இருந்தார். உள்ளூர் நகைக்கடைக்காரர் வேண்டாமென்று சொல்லிவிட்ட ஒரு பெட்டி சட்டைப்பைக் கடிகாரங்கள் அங்கே கிடந்தன. அவற்றை அவர் வாங்கி, அந்த ரயில் பாதையில் இருந்த மற்ற ஏஜெண்டுகளுக்கு விற்றார். மறு ஆண்டு சிகாகோவுக்குப் போனார். கடிகாரம் பழுது பார்க்கும் ஆல்வா ரோபக் கூட்டாளியானார். சில ஆண்டுகளில் தையல் இயந்திரம், கலப்பை, அடுப்பு, வயலின், செருப்பு என்று எல்லாச் சரக்கும் அடங்கிய தடிமனான கேட்டலாக் வந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தின் அருமை தெரியவேண்டுமானால் அன்றைய அமெரிக்கக் கிராமத்தை நினைத்துப் பார். சுற்றுவட்டாரத்துக்கு ஒரே கடை. கடைக்காரர் சொன்னதுதான் விலை, கொடுத்ததுதான் கடன். கேட்டலாக்கில் விலை அச்சாகியிருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம், பணம் வாபஸ். தென் மாநிலங்களின் கறுப்பின விவசாயிகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். கடையில் வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். கடனும் அந்தக் கடைக்காரர் மனசு வைத்தால்தான். தபாலில் ஆர்டர் போட்டால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பிழைப்பு போகிறதே என்று ஆத்திரப்பட்டு, கேட்டலாக்குகளை வாங்கிக் கொளுத்திய கடைக்காரர்களும் உண்டு. பின்னாளில் கம்பெனித் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து, அந்த மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவினார். ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்குப் பணமும் உழைப்பும் போட்டார்கள். உன் ப்ராஜெக்டில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கு.

1906-இல் சிகாகோவில் திறந்த தபால் விற்பனைக் கூடம் சுமார் 40 ஏக்கர் பரப்பு. ஒரு குடும்பம் செருப்பு, வாளி, துணி மூன்றும் கேட்டிருந்தால், மூன்றும் வெவ்வேறு மாடிகளில் இருக்கும். ஆர்டர் வந்தவுடன் அதற்கு ஒரு கால் மணி நேரத்தைக் குறித்துவிடுவார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் சரக்கை அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அதற்கென்று உள்ள தொட்டியில் சேர்த்தாக வேண்டும். தாமதமானால் அந்தப் பொருள் தனியே போகும்; கூடுதல் அனுப்புச் செலவு அந்தப் பிரிவின் தலையில். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம் அது. இன்று ஆன்லைன் கிடங்குகளைப் பார்த்து வியக்கிறோமே, அதன் வித்து இங்கே இருக்கிறது. வீட்டையே துண்டு துண்டாக ரயிலேற்றி அனுப்பினார்கள் என்றால் நம்புவாயா? மரச்சட்டங்களும் ஆணிகளும் வரைபடமுமாக, 1908 முதல் 1940 வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அப்படிப் போயின.

அடுத்த பாய்ச்சல் ராபர்ட் வுட் என்ற சியர்ஸ் நிர்வாகியுடையது. மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களைக் கதைப்புத்தகம் போலப் படிக்கிற மனிதர். கிராமத்தார் நகரத்துக்குப் போகிறார்கள், கார் வாங்குகிறார்கள் என்று அதில் கண்டார். 1925-இல் முதல் கடை திறந்தது. 1931-இலேயே கடை விற்பனை தபால் விற்பனையை முந்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்குத் தானே போட்டியை உண்டாக்கினார் என்பதைக் கவனி. 1916-இல் தொடங்கிய லாபப் பங்குத் திட்டமும் கூடவே வளர்ந்தது. 1950-களில் கம்பெனிப் பங்குகளில் கிட்டத்தட்ட கால்வாசி ஊழியர்கள் கையில் இருந்தது. கவுண்டரில் நின்று விற்றவருக்கும் கடை தன்னுடையது என்ற எண்ணம் வர, அதைவிட வேறென்ன வேண்டும்?

1973-இல் சிகாகோவில் 110 மாடி சியர்ஸ் டவர் எழுந்து நின்றது. டாக்காவைச் சேர்ந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்தான் அதன் கட்டமைப்புப் பொறியாளர். என் கணக்கில் சரிவு தொடங்குவது அந்தப் பத்தாண்டில். நிர்வாகத்தின் கவனம் கடையை விட்டு நகர்ந்தது. 1981-இல் டீன் விட்டர் என்ற பங்குத்தரகு நிறுவனத்தையும் கோல்ட்வெல் பேங்கர் என்ற வீடு-மனை நிறுவனத்தையும் வாங்கினார்கள். டிஸ்கவர் என்ற சொந்தக் கிரெடிட் கார்டும் வந்தது. இந்தப் பக்கம் வால்மார்ட் குறைந்த செலவில் சரக்கை நகர்த்தப் பழகிவிட்டது. ஹோம் டிப்போ என்ற கடைச்சங்கிலி சுத்தியல், ஸ்பேனர் விற்பனையைப் பிடித்துக்கொண்டது.

1992-இல் கலிஃபோர்னியாவில் நடந்ததைத் தனியாகப் படி. கார் பழுது பார்க்கும் பிரிவில் ஊழியர்களுக்கு இலக்கும் கமிஷனும் வைத்திருந்தார்கள். அரசு அதிகாரிகள் வாடிக்கையாளர்போலக் காரைக் கொண்டுபோனபோது, பெரும்பாலான தடவை தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டியது தெரியவந்தது. "பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று சொல்லி நூறாண்டு சேர்த்த நாணயம் அது. அதைக் கரைத்தது மெக்கானிக்குகளின் பேராசை என்று நான் நினைக்கவில்லை. மேலே இருந்து கீழே இறங்கிய இலக்குதான் கரைத்தது.

1993-இல் பெரிய கேட்டலாக்கை நிறுத்தினார்கள். அதோடு 113 கடைகளும் மூடல், சுமார் 50,000 வேலைகள் போயின. இதையே பெரிய முட்டாள்தனம் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கேட்டலாக் நஷ்டத்தில் ஓடியது, ஆர்டர் முறையும் பழசாகிவிட்டது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பொருள் வாங்க வழி செய்த ப்ராடிஜி என்ற சேவையை ஐபிஎம்மோடு சேர்ந்து அதே சியர்ஸ்தான் நடத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கே சரக்கு அனுப்பும் பழக்கமும் கம்ப்யூட்டர் வழி விற்பனையும் ஒரே கூரைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

அதன்பின் கடைகள் கொஞ்சம் தேறின. 2005-இல் எட்டி லாம்பர்ட் என்ற முதலீட்டாளர், தன் கையில் இருந்த கேமார்ட் கடைச்சங்கிலியோடு சியர்ஸை இணைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 600 கோடி டாலர், கம்பெனி தன் பங்குகளையே சந்தையில் திரும்ப வாங்கச் செலவானது. கடைகளுக்குச் செலவிட்டது போட்டிக் கடைகளோடு ஒப்பிட்டால் சொற்பம். விரிசல் விட்ட தரையும் மங்கிய விளக்குமாகக் கடைகள் கிடந்தன. 2008-இல் கம்பெனியை முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாக உடைத்து, ஒவ்வொன்றும் தன் லாபத்தைத் தானே காட்டவேண்டும் என்றார் லாம்பர்ட். பலன்? சியர்ஸின் சொந்தப் பிராண்டு கென்மோர் ஃபிரிட்ஜை விற்றால், வீட்டு உபயோகப் பிரிவு கென்மோர் பிரிவுக்குப் பங்கு கொடுக்கவேண்டும். ஆகவே அடுத்த கம்பெனி ஃபிரிட்ஜை முன்னால் நிறுத்துவதே அந்தப் பிரிவுக்கு ஆதாயமாகிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக விற்றார்கள். 2015-இல் 235 கட்டடங்களைத் தனி நிறுவனத்துக்கு 270 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2017-இல் சியர்ஸின் கருவிப் பிராண்டான க்ராஃப்ட்ஸ்மேனும் கைமாறியது. 2006-இல் 5,300 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய் 2017-இல் சுமார் 1,670 கோடிக்கு இறங்கிவிட்டது. லாம்பர்ட் சொந்தப் பணத்தையும் கடனாகக் கொடுத்தார், அதையும் எழுது; அதில் பெரும்பகுதிக்குக் கட்டடங்களை ஈடாகப் பிடித்திருந்தார் என்பதையும் சேர்த்து எழுது. 2018 அக்டோபர் 15 அன்று கம்பெனி திவால் மனு போட்டது. 2019-இல் மிச்சத்தை லாம்பர்ட்டின் நிறுவனமே 520 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. சியர்ஸிலும் கேமார்ட்டிலும் வேலை செய்த சுமார் 90,000 பேரின் ஓய்வூதியப் பொறுப்பு அரசின் காப்புறுதிக் கழகத்திடம் போனது.

ஒரு வேலை செய். 2005-இலிருந்து 2012 வரையான சியர்ஸ் ஆண்டறிக்கைகளை எடு. கடைகளுக்கு மூலதனமாகப் போட்ட தொகையை ஒரு பத்தியிலும், பங்குகளைத் திரும்ப வாங்கிய தொகையை அடுத்த பத்தியிலும் எழுது. மூன்றாவதாக, அதே ஆண்டுகளில் போட்டியாளரான டார்கெட் கம்பெனி தன் கடைகளில் போட்டதை வை. அட்டவணை முடிந்ததும் அனுப்பு. முதல் பக்கத்தை அதற்குப் பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியப்பா