கடை ஒன்று, கணினி மூன்று: கடிதம் எங்கே?

காஜாங்கில் கடையும் கிள்ளானில் கிட்டங்கியும் வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இன்று மின்னஞ்சல் இன்றி வியாபாரம் இல்லை. ஆனால் அதைக் கணினிக்குக் கொண்டுவரப் பாப், ஐமேப் என இரு முறைகள் உண்டென்பதையும், முறை தவறினால் சரக்கே முடங்கும் என்பதையும் அறிந்தோர் சிலரே.

நமக்கு நேர்ந்ததையே முதலில் கூறுகிறோம். தூத்துக்குடியிலிருந்து வந்த மிளகாய் வற்றல் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிற்று என்று கப்பல் ஏஜெண்டு அனுப்பிய அறிவிப்பு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு நம் வீட்டுக் கணினிக்குள் போய் விழுந்தது. வீட்டில் யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கடையில் கணக்குப்பிள்ளை பார்த்தார், ஒன்றுமில்லை. புதன்கிழமை ஏஜெண்டே தொலைபேசியில் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. கன்டெய்னர் கிடந்த நாட்களுக்கு வாடகை கட்டினோம். அவர்கள் இருவர் மீதும் குற்றமில்லை. நாம் வைத்திருந்தது பாப் முறை.

தபாலாபீசில் வாடகைக்கு எடுத்த பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி மூவரிடம் உண்டு. முதலில் திறந்தவர் கடிதங்களை எல்லாம் தம் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், அடுத்தவருக்கு வெறும் பெட்டிதான். பாப் அப்படிப்பட்டது. 1984-இல் பிறந்த இம்முறை ஒருவருக்கு ஒரு கணினி என்ற காலத்துக்கு ஏற்றது. 1990-களில் ஜாரிங், டிஎம்நெட் சந்தா கட்டித் தொலைபேசிக் கம்பியில் இணைந்தவர்களுக்கு, கடிதங்களை வாரிக்கொண்டு உடனே இணைப்பைத் துண்டிப்பது சிக்கனமாகவும் இருந்தது.

ஐமேப் முறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பார் வகுத்தார். இதில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். கடை, வீடு, கிட்டங்கி, கைப்பேசி எல்லாம் அந்த ஒரே பெட்டியைப் பார்க்கின்றன. கடையில் படித்தது வீட்டிலும் படித்ததாகக் காட்டும். கணக்குப்பிள்ளை பதில் எழுதிவிட்டாரா என்பதும் தெரியும். ஒரே ஆர்டருக்கு இருவர் இருவேறு விலை சொல்லும் வெட்கக்கேடு இல்லை.

'பாப் முறையிலேயே சர்வரில் ஒரு நகல் விட்டுவைக்கலாமே' என்பார் சிலர். வைக்கலாம். வந்த கடிதம் எல்லாக் கணினிக்கும் கிடைக்கும். ஆனால் அனுப்பிய பதில், அனுப்பிய கணினியிலேயே தங்கிவிடும். வியாபாரத்தில் வழக்கு வருவது பெரும்பாலும் நாம் என்ன எழுதினோம் என்பதைப் பற்றித்தானே!

ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கணினி உடையவர்களுக்கு ஐமேப் முறையே ஏற்றது என்பது நம் அபிப்பிராயம். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கிட்டங்கிப் பையன் கைதவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். வணிகப் பதிவுகளை வருமான வரிக்காக 7 ஆண்டுகள் காக்க வேண்டிய நாடு இது. மாதம் ஒருமுறை கடிதங்களைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்துப் பூட்டி வையுங்கள். பெட்டி நிரம்பினால் புதுக் கடிதம் திரும்பிப் போகும். ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலேயே படங்களும் அடக்கம்.

மாற்றுவோர் அவசரப்பட்டுப் பழைய பாப் கணக்கை நீக்கிவிட வேண்டாம். முதலில் அதே கணினியில் ஐமேப் கணக்கைச் சேர்த்து, சர்வருக்கான 993 என்ற எண்ணைக் கொடுத்து, பழைய கடிதங்களைப் புதிய கணக்கின் அறைகளுக்குள் நகலெடுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஓர் இரவு முழுதும் ஓடும். மற்ற கணினியில் அவை தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு பழையதை நீக்குங்கள்.